நாட்டியக் குழுவின் வரலாற்றை எழுதுவது எப்படி: சிங்கப்பூர் பாலேயை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் நாட்டியப் பள்ளிகளும் நாட்டியக் குழுக்களும் வெள்ளி விழாவையோ பொன் விழாவையோ நெருங்கும்போது, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர், மலர் ஒன்று வெளியிட வேண்டும், அதில் நம் வரலாறு இடம்பெற வேண்டும் என்று சொல்வார். அந்தப் பொறுப்பு பெரும்பாலும், தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயர் பெற்ற ஒரு பெற்றோரிடமோ பழைய மாணவியிடமோ வந்து சேரும். விழாவுக்கு ஆறு மாதம் இருக்கும். கையில் நான்கைந்து நிகழ்ச்சி மலர்களும் ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்களும் இருக்கும். அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நம் பரதநாட்டியக் குழு ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளாமல் சிங்கப்பூர் பாலேயை எடுத்துக்கொள்கிறேன். அதன் வளர்ச்சி பொது ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்பது ஒரு காரணம். நம் குருவும் நம் பிள்ளைகளும் அதில் இல்லாததால், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை மனச்சாய்வு இல்லாமல் கற்றுக்கொள்ளலாம் என்பது மற்றொரு காரணம். கேள்விகள் பழகிய பிறகு அவற்றை நம் குழுவிடம் கொண்டுவரலாம்.

நிகழ்ச்சிகளின் பட்டியலையும் விருதுகளின் பட்டியலையும் அடுக்கினால் அது வரலாறு ஆகிவிடாது. ஆடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்தத் தரையில் பயின்றார்கள், செலவை யார் ஏற்றார்கள், ஆடிய உருப்படிகளுள், அதாவது தனித்தனி நடன ஆக்கங்களுள், எவை அடுத்த தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தன என்ற நான்கையும் ஆண்டுவாரியாகச் சொல்ல முடிந்தால்தான், ஒரு குழு எப்படி வளர்ந்தது என்பதைச் சொன்னதாகும். இந்த நான்குக்கும் விடை மேடையில் கிடைக்காது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கழிந்த மாதங்களில்தான் அதைத் தேட வேண்டும்.

பெயரும் ஆண்டும்

ஒரு குழு பிறந்த ஆண்டைக் கண்டறிவது எளிய வேலை என்றே எல்லாரும் நினைக்கிறோம். சிங்கப்பூர் பாலே என்ற பெயர் 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன்பு அந்தக் குழு சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் என்ற பெயரில் இயங்கியது. கோ ஸூ கிம்மும் ஆண்டனி தென்னும் அதை 1988இல் தொடங்கினார்கள். ஆனால் சிங்கப்பூர் பாலே அகாடமி என்ற பள்ளி அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல், பிரான்சிஸ் பூன், வெர்னன் மார்ட்டினஸ், கோ ஸூ நீ ஆகிய மூவரால் தொடங்கப்பட்டுவிட்டது. ஸூ நீ, ஸூ கிம்மின் சகோதரி. 1971இல் பள்ளியின் பொறுப்பு ஸூ கிம்மிடம் வந்தது. இதற்கிடையே 1970இல், சீன, மலாய், இந்திய நடனக் கலைஞர்களை ஒன்றுசேர்த்த தேசிய நாட்டியக் குழுவும் உருவானது. 1960களின் செய்தித்தாளில் பாலே என்ற சொல்லையும் சிங்கப்பூர் என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, இது இன்றைய குழுவைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொண்டால், வரலாற்றின் முதல் பக்கமே பிழையாகிவிடும்.

எனவே முதல் நாளன்றே ஒரு தாளை எடுத்து, உங்கள் குழுவுக்கு இதுவரை இருந்த எல்லாப் பெயர்களையும், ஒவ்வொரு பெயரும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வழங்கியது என்பதையும் எழுதுங்கள். அதன் கீழே மூன்று நாள்களை எழுதுங்கள்: குரு முதல் வகுப்பை நடத்திய நாள், குழு அதன் பெயரில் முதன்முதலாக மேடையேறிய நாள், சங்கப் பதிவகத்திலோ நிறுவனமாகவோ பதிந்துகொண்ட நாள். மூன்றும் ஒரே ஆண்டில் அமைந்த குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை. எதைப் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது என்பது குழுவின் உரிமை. மூன்றையும் அச்சிடுவது எழுதுபவரின் கடமை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முன்பு நான் துணைநின்ற ஒரு குழுவின் 15ஆம் ஆண்டு மலரில் தவறாக விழுந்திருந்த தொடக்க ஆண்டு, 20ஆம் ஆண்டு மலருக்கும் 25ஆம் ஆண்டு மலருக்கும் அப்படியே சென்றிருந்தது. மூன்று மலர்களிலும் ஒரே ஆண்டு இருந்ததால் நான் ஐயப்படவில்லை. மலர் அச்சாகி வந்த பிறகு, முதல் அணியில் ஆடிய ஓர் அம்மையார், தம் பெட்டியில் பாதுகாத்துவைத்திருந்த அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதிலிருந்த நாள், நாங்கள் எழுதிய தொடக்கத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட மூன்று மலர்கள் ஒரு சான்றுதான், மூன்று சான்றுகள் அல்ல. அந்த அம்மையாரின் முகத்தில் அன்று கண்ட வருத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவர் ஆடிய இரண்டு ஆண்டுகளை நாங்கள் இல்லாமல் செய்திருந்தோம்.

ஆண்டு அட்டவணை

அடுத்து, ஆண்டுக்கு ஒரு வரியாக ஓர் அட்டவணை அமையுங்கள். கணினியில் செய்தாலும் சரி, பெரிய தாளில் கோடு கிழித்துச் செய்தாலும் சரி. ஆடியவர்கள், இடம், பணம், உருப்படிகள் என்று நான்கு கட்டங்கள்; ஐந்தாவது கட்டத்தில் அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு. ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும் எந்தத் தகவலையும் மலரில் சேர்க்காதீர்கள். பல கட்டங்கள் மாதக்கணக்கில் வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை, ஏனென்றால் யாரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்பதை அந்த வெற்றிடங்களே காட்டிக்கொடுக்கின்றன.

ஆடியவர்கள் என்ற கட்டத்தில் பெயர்களை மட்டும் எழுதாமல் எண்ணிக்கையையும் எழுதுங்கள். சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் ஏழு நடனமணிகளோடு தொடங்கியது. இன்று அந்த எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருக்கிறது, பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் ஆடுகிறார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் கேள்விகள் பிறக்கின்றன. ஏழு பேரை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய பாலே நாடகத்தை மேடையேற்ற முடியும்? அன்னங்கள் கூட்டமாக வந்து ஆடும் காட்சிக்கு ஆள் எங்கே? உள்ளூர்ப் பள்ளியில் பயின்றவர்கள் எத்தனை பேர், வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? சிங்கப்பூரில் ஆண்கள் 18 வயதை ஒட்டித் தேசிய சேவைக்குச் செல்கிறார்கள். பாலே நடனமணியின் உடல் தொழில்முறைப் பயிற்சிக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டுகளும் அவையே. ஒரு குழுவில் ஆண் நடனமணிகள் குறைந்திருந்த ஆண்டுகளைப் பார்க்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் குழுக்களில் இதே கட்டம் வேறொரு கதையைச் சொல்லும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு எழுதும் வயதில் ஒரு பகுதியினர் நின்றுவிடுகிறார்கள், சாதாரண நிலைத் தேர்வின்போது மற்றொரு பகுதியினர், பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்போதோ திருமணத்தின்போதோ இன்னொரு பகுதியினர். அரங்கேற்றம் முடித்தவர்களின் எண்ணிக்கையை மலர்கள் பெருமையோடு தருகின்றன. அரங்கேற்றத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த மலரும் தந்து நான் படித்ததில்லை. பள்ளி என்ற நிலையிலிருந்து குழு என்ற நிலைக்கு உங்கள் அமைப்பு எப்போது நகர்ந்தது என்பதை அந்த இரண்டாவது எண்ணிக்கையே சொல்லும். அதைக் கணக்கிடுவதற்கு நிகழ்ச்சி மலர்களின் கடைசிப் பக்கத்திலுள்ள பெயர்ப்பட்டியல்கள் போதும், ஒரு வார இறுதியில் செய்துவிடலாம்.

தரை

இடம் என்ற கட்டத்தைப் பலரும் முகவரி எழுதுவதற்கான கட்டமாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு குழு எதை ஆடுகிறது என்பதைக்கூட அது பயிலும் இடம் தீர்மானிப்பதுண்டு. சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் பல ஆண்டுகள் ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் இயங்கியது. 1926இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் குடியிருப்பாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. அதன் எதிரே பச்சைப் புல்வெளி சரிந்து செல்கிறது. 1995 முதல் அந்தப் புல்வெளியிலேயே விண்மீன்களின்கீழ் பாலே என்ற திறந்தவெளி நிகழ்ச்சியைக் குழு நடத்திவந்தது. பாய் விரித்து, சாப்பாட்டுக் கூடையோடு குடும்பமாக உட்கார்ந்து பாலே பார்க்கும் ஒரு பழக்கம் இந்த ஊருக்கு அதன் வழியாக வந்தது. 2013இல் குழு புகிஸ் பிளஸ் கடைத்தொகுதிக்கு இடம்பெயர்ந்தது. குன்றின் மேலிருந்த ஒரு குழு, எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே கடைகளுக்கு மேலே வந்து அமர்ந்தபோது, வகுப்புக்கு வருபவர்கள் யார், வாடகை என்ன, பயிற்சி அறைகள் எத்தனை என்பவை எப்படி மாறியிருக்கும் என்று கேட்பதே சரியான வரலாற்றுக் கேள்வி.

கலை அமைப்புகளுக்குக் குறைந்த வாடகையில் இடமளிக்கும் அரசாங்கத்தின் கலை இல்லத் திட்டம் 1985இல் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் நம் குழுக்கள் எங்கெங்கே பயின்றன என்பதைத் துல்லியமாக எழுதுங்கள்: குருவின் வீட்டுக் கூடம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளம், சமூக மன்றத்தின் பல்நோக்கு அறை, கோயில் மண்டபம். தரை சிமெண்டா, ஓடு பதித்ததா, மரத்தாலானதா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாலே குழுக்கள் அதிர்வை உள்வாங்கும் மரத்தரை இல்லாத இடத்தில் பயிற்சி செய்யத் தயங்கும். குதித்து இறங்கும் உடலுக்கு அதுவே காப்பு. நம் பிள்ளைகளோ பல ஆண்டுகள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் தட்டடவு (பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அசைவு) செய்து, இருபத்தைந்து வயதுக்குள் முழங்கால் வலியோடு ஆட்டத்தை விட்டவர்கள். அந்த வலியும் குழுவின் வரலாற்றில் ஒரு பகுதிதான். அதை எழுதுவது யார்மீதும் குற்றம் சுமத்துவதாகாது. எத்தகைய நிலையிலிருந்து குழு இன்றைய நிலைக்கு வந்தது என்பதை அது காட்டும்.

மேடைகளையும் இதே கட்டத்தில் சேருங்கள். 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலை நிலையம் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 2,000 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கு இந்த ஊருக்குக் கிடைத்தது. அத்தகைய அரங்கை நிரப்ப முயல்வதா, சிறிய அரங்கில் மூன்று மாலைகள் ஆடுவதா என்ற முடிவை ஒவ்வொரு குழுவும் எடுக்க வேண்டியிருந்தது. உங்கள் குழு எதைத் தேர்ந்தது, அதற்கு யார் காரணம் என்று கேளுங்கள்.

பணம்

இந்தக் கட்டத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை, ஆனால் தவிர்க்கவும் கூடாது. தேசியக் கலைகள் மன்றம் 1991இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு மானியம் கிடைத்திருந்தால் அது வேறு வழியில் வந்திருக்கும். அறக்கொடை அமைப்பாகப் பதிந்த குழுக்களின் ஆண்டறிக்கைகளையும் கணக்குகளையும் அறக்கொடைகளுக்கான அரசாங்க இணையவாசலில் பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கு, நிகழ்ச்சி மலர்களில் உள்ள விளம்பரப் பக்கங்களே கணக்குப் புத்தகம்: எந்த நகைக்கடை, எந்தப் புடவைக்கடை, எந்த உணவகம் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து துணைநின்றது என்பது அங்கே இருக்கிறது. நுழைவுச்சீட்டின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பாலே குழுவுக்கு விரல்நுனியில் நிற்பதற்கான காலணி ஒரு தீராச் செலவு, முதன்மை நடனமணிக்கு ஒரு சோடி ஒரே மாலையில் தேய்ந்துவிடக்கூடும். நம் குழுக்களுக்கு உடையும், அணிகலனும், இந்தியாவிலிருந்து பாடகரையும் மிருதங்கக் கலைஞரையும் வரவழைக்கும் விமானச் செலவும் அந்த இடத்தில் இருக்கும். நேரடி இசையிலிருந்து ஒலிப்பதிவுக்கு மாறிய ஆண்டு எது என்று கண்டுபிடித்தால், பணநிலை பற்றிய பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

உருப்படிகளின் வழித்தடம்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இங்கே பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோ ஸூ கிம்மின் தம்பி கோ சூ சான், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்துவிட்டு ஐரோப்பாவுக்குச் சென்று டச்சு தேசிய பாலேயில் ஆடியவர். 1976இல் வாஷிங்டன் பாலே அவரை நடன அமைப்பாளராக அழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய பாலே குழுக்களோடு ஒப்பிடும்போது அது ஒரு வட்டாரக் குழுதான். சூ சானின் ஆக்கங்கள் அதற்குப் பெயர் தேடித்தந்தன. 1981இல் அமெரிக்கன் பாலே தியேட்டரில் புகழ்பெற்ற பாலே கலைஞர் மிகாயில் பரிஷ்னிகோவ் ஆடுவதற்காக அவர் கான்ஃபிகரேஷன்ஸ் என்ற ஆக்கத்தை உருவாக்கினார். 1987 நவம்பரில், 39 வயதில், நியூயார்க்கில் காலமானார். அவருடைய ஆக்கங்கள் பின்னர் சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டரில் தொடர்ந்து ஆடப்பட்டன. 2008இல் ஸூ கிம்முக்குப் பிறகு கலை இயக்குநராக வந்த யானெக் ஷெர்கன், சூ சானோடு நெருங்கிப் பணியாற்றி, அவர் மறைந்த பிறகு அந்த ஆக்கங்களைப் பல குழுக்களுக்குக் கற்பித்துவந்தவர். தலைமை மாற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு, வெளிநாட்டவர் ஒருவர் வந்தார் என்ற ஒரு வரிதான் கிடைக்கும். உருப்படிகளின் வழித்தடத்தைப் பின்தொடர்பவருக்கு, சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒருவரின் கலை வாஷிங்டனைச் சுற்றி, அவரோடு பணியாற்றியவர் மூலமாக வீடு திரும்பியது தெரியும்.

நம் பக்கத்திலும் இத்தகைய வழித்தடங்கள் உண்டு. பாலே மேதை அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, பாலே பயின்று, அதன் பிறகே ருக்மிணி தேவி பரதநாட்டியத்தின் பக்கம் திரும்பினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அங்கே பயின்ற நீலா சத்தியலிங்கம் இலங்கையிலிருந்து 1974இல் சிங்கப்பூருக்கு வந்து, 1977இல் கணவரோடு அப்சராஸ் ஆர்ட்ஸ் குழுவைத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1952இல் கே. பி. பாஸ்கர் இங்கே நாட்டியப் பள்ளி தொடங்கியிருந்தார். 1955இல் கேரளத்திலிருந்து வந்து அவரோடு இணைந்த சாந்தா பாஸ்கர், 1958இல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர்கள் கதையைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். நீலா சத்தியலிங்கத்துக்கு 1989இலும் சாந்தா பாஸ்கருக்கு 1990இலும், சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கு வழங்கப்படும் தேசிய விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெற்ற ஆண்டுகளை எல்லா நூல்களும் தருகின்றன. அவர்கள் அமைத்த ஒவ்வோர் உருப்படியையும் இன்று யார் உடலில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் எழுதியாக வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு முக்கிய உருப்படிக்கும் ஒரு தனி அட்டை போடுங்கள். அமைத்தவர், இசையமைத்தவர், பாடலை எழுதியவர், முதலில் ஆடிய நாள், முதலில் ஆடியவர்கள், அவர்களிடமிருந்து கற்றவர்கள், கடைசியாக ஆடிய நாள் ஆகியவற்றை அதில் குறியுங்கள். நட்டுவாங்கம் செய்தவரையும், ஒளியமைத்தவரையும், உடை தைத்தவரையும் விடாதீர்கள். கடைசியாக ஆடி இருபது ஆண்டு ஆகிவிட்ட உருப்படி எது என்று அட்டைகளைப் புரட்டும்போது தெரியவரும். அதை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் உயிரோடு இருப்பார்கள். அந்த வாரமே அவர்களிடம் போங்கள், மலர் காத்திருக்கலாம்.

எங்கே தேடுவது

தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும், மலாய், சீன, ஆங்கில நாளிதழ்களும் உள்ளன. சில ஆண்டுகளின் இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். அதற்காக விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்கு ஓரிரு சனிக்கிழமைகளை ஒதுக்கிவிடுங்கள். தமிழ் இதழ்களில் தேடற்பெட்டியை மட்டும் நம்பியிருக்காமல், நிகழ்ச்சி நடந்த நாளுக்கு முன்னும் பின்னும் பத்து நாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே உறுதியான வழி, ஏனென்றால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களும் மங்கிய அச்சும் கணினியின் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஆங்கில இதழ்களில் ஒரே குருவின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும், பரதநாட்டியம் என்ற சொல்லே ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் வரும். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிந்துவருகிறது. கலைஞர்கள் பலருடைய குரலை அங்கே கேட்கலாம். சிங்கப்பூர் இந்திய நடனத்துக்கென்று தமிழ் மின்மரபுடைமைக் குழுவினர் தொண்டூழியர்களோடு உருவாக்கிய மின்தொகுப்பையும் கட்டாயம் பாருங்கள். உங்கள் குழுவின் பழைய நிகழ்ச்சி மலர் ஒன்று அதில் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

மூத்தவர்களிடம் கேட்பது

உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அவர்கள் ஏற்கெனவே பலமுறை மேடையில் சொன்னதையே மீண்டும் சொல்வார்கள். ஒரு பொருளை முன்னால் வைத்துக் கேளுங்கள். பழைய புகைப்படம், சலங்கை, நிகழ்ச்சி மலர், ஒரு பாடலின் ஒலிப்பதிவு என்று எதுவாக இருந்தாலும் போதும். இந்தப் படத்தில் இடப்பக்கம் நிற்பவர் யார், இந்த உடையைத் தைத்தது யார், ஒத்திகை முடிந்து இரவு எப்படி வீடு திரும்பினீர்கள் என்ற கேள்விகளுக்கு உண்மையான விடை வரும். ஒருமுறை, ஓர் அக்காவிடம் சலங்கையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கையில் உருட்டிக்கொண்டே, இருக்கையிலிருந்து எழுந்து, நாற்பது ஆண்டுகளாக ஆடாத ஜதியைக் காலால் தட்டிக் காட்டினார். ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் கொண்டுபோனது என் தவறு. காணொளியும் எடுக்கத் தயாராகப் போங்கள்.

ஆண்டு நினைவில் இல்லை என்று அவர்கள் சொன்னால் வற்புறுத்தாமல், எல்லாருக்கும் தெரிந்த நிகழ்வுகளோடு பொருத்திக் கேளுங்கள். அது சார்ஸ் வந்த 2003க்கு முன்பா, பின்பா? எஸ்பிளனேட் திறந்திருந்ததா? மூத்த மகன் பிறந்துவிட்டாரா? கொவிட் காலத்துக்கு அருகில் என்றால், நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கிய 2020 ஏப்ரல் 7ஐ எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். அரங்குகள் மூடிக்கிடந்த அந்த மாதங்களில் வகுப்புகள் எப்படி நடந்தன என்பதற்கே ஒரு தனிப் பக்கம் தேவைப்படும்.

பேச்சில் தமிழ், மலையாளம், ஆங்கிலம், மலாய் எல்லாம் கலந்துவரும். அப்படியே எழுத்தில் பெயர்த்து வையுங்கள். மலருக்காகத் திருத்தும்போதும் மூலப்படியை அழிக்காதீர்கள். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பதிவு எதற்குப் பயன்படும், யார் கேட்கலாம், எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்பவற்றை எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். குழுவை விட்டு மனக்கசப்போடு விலகியவர்களையும் சந்திக்க வேண்டும். அவர்களிடம் செல்ல நிர்வாகம் தயங்கினால், அவர்கள் ஆடிய ஆண்டுகள் யாருடைய ஆண்டுகள் என்று மரியாதையோடு கேளுங்கள்.

படங்களும் நாடாக்களும்

புகைப்படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயரும் நாளும் எழுதுங்கள். மின்படியெடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். இந்த ஊரின் ஈரப்பதத்தில் வீடியோ நாடாக்களில் பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளைப் பொடி போன்று தெரிந்தால் அதை இயந்திரத்தில் போடாமல், சுத்தம்செய்து மின்படியெடுக்கும் நிபுணரிடம் கொடுங்கள். வேறு படி இல்லாத நாடாக்களே முதலில் செல்ல வேண்டும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும், மூன்று படிகளை மூன்று வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

பதிப்புரிமையையும் கவனியுங்கள். புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், எழுத்துவடிவ ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், எடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே அனுமதி கேளுங்கள், படத்தின் கீழ் அவர் பெயரைப் போடுங்கள்.

எழுதும்போது

அட்டவணை நிரம்பிய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றை ஒன்றால் மற்றொன்று நடந்ததாக எழுதிவிடும் ஆசை வரும். கோ சூ சான் 1987இல் மறைந்தார். அவருடைய அக்கா 1988இல் குழுவைத் தொடங்கினார். தம்பியின் நினைவாகவே குழு பிறந்தது என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 1964இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் பயின்ற முதல் ஆசியர் ஸூ கிம். 1971 முதல் அகாடமியை நடத்தியவர். 1981இலேயே கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவரும் ஆண்டனி தென்னும் பல ஆண்டுகள் பயிற்றுவித்த மாணவர்கள் தொழில்முறையில் ஆட வேண்டுமானால் நாட்டைவிட்டுப் போக வேண்டிய நிலை இருந்தது. இந்த ஆண்டுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை என்பது விளங்கும். சம்பந்தப்பட்டவர் தாமே சொன்ன சொல்லோ அக்காலத்து ஆவணமோ இல்லாமல், ஆகவே என்ற சொல்லை உங்கள் வரலாற்றில் எழுதாதீர்கள்.

நிறுவியவர் மறைந்த ஆண்டைக் கடந்துசெல்லும்போது நிதானம் தேவை. ஆண்டனி தென் 1995இல் காலமானார். குழு தொடங்கி ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இருவராகத் தாங்கிய குழுவை ஒருவர் தாங்க நேர்ந்தபோது என்ன நின்றது, என்ன தொடர்ந்தது என்பதை எழுதினால் அதுவே உண்மையான அஞ்சலி. நம் மலர்களில் இந்த இடத்தில் இரங்கற்பா ஒன்றும் பெரிய படம் ஒன்றும் வந்துவிட்டு, மறுபக்கத்தில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது. வகுப்புகளை யார் எடுத்தார்கள், எந்த மாணவர் வெளியேறினார், எந்த உருப்படி அதன் பிறகு ஆடப்படவே இல்லை என்று கேட்டு எழுதுங்கள்.

புகழ்ச்சொற்களை அளவோடு வைத்துக்கொள்வதும் நல்லது. தலைசிறந்த, ஒப்பற்ற என்ற அடைகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணையோ ஒரு செயலையோ வையுங்கள். குரு அர்ப்பணிப்பு மிக்கவர் என்பதைவிட, இருபத்தாறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பைத் தவறவிட்டதில்லை என்பது அவருக்கு அதிகப் பெருமை சேர்க்கும், அது உண்மையாக இருக்கும் வரை.

அச்சுக்குப் பிறகு

சிங்கப்பூரில் விற்பனைக்கோ பொது வினியோகத்துக்கோ வெளியிடும் எந்த நூலின் இரண்டு படிகளையும் நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மலரும் நூல்தான், பன்னாட்டுத் தர நூல் எண்ணையும் வாரியத்திடமே பெறலாம். நேர்காணல் பதிவுகளையும் அசல் படங்களையும் குழு அலுவலக அலமாரியில் பூட்டிவைக்காமல், காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ வழங்குவது பற்றி விழாவுக்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி முடிவெடுங்கள்.

மலரின் ஒரு படியை மட்டும் எழுதுவதற்கு வெள்ளைத் தாள்கள் இடையிட்டுத் தைத்து, பென்சிலோடு அலுவலக மேசையில் வையுங்கள். பிழை கண்டவர்கள் அதில் எழுதட்டும். எழுதியவர் பெயரும் நாளும் பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் குழுவில் அப்படி வைத்த படியில் முதல் பக்கத்திலேயே, தொடக்க ஆண்டுக்கு எதிரே, அந்த அம்மையார் தம் அழைப்பிதழின் நாளை எழுதியிருக்கிறார்.